சாரல் ஊர்ல வாடகை வீடு: தரையை மூடாதீங்க, காய விடுங்க

(ஒலி வடிவத்தில் வந்த எபிசோடை, படிக்க வசதியாகச் சுருக்கி, தலைப்புகள் பிரித்துத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு கார்ப்பெட்ல இருந்து ஆரம்பிக்குது. நான் ஆசைப்பட்டு வாங்கி, மூணே மாசத்துல குப்பைக்குப் போன கார்ப்பெட்.

சென்னையில இருந்து தென்காசிக்கு வேலை மாறி வந்தப்போ, டவுனுக்குள்ள ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைக்குக் கிடைச்சது. ரெட் ஆக்சைடு தரை. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு, வெறுங்காலோட நடந்தா அப்படி ஒரு குளிர்ச்சி. ஓனர் ஒரு ஆச்சி, மாடியில இருந்தாங்க. அட்வான்ஸ் 30,000 ரூபாய். அப்போ மே மாசம், நல்ல வெயில். ஹால் நிறைய ஒரு கார்ப்பெட் விரிச்சேன். வழுக்காம இருக்க அடியில ரப்பர் ஒட்டினது. சோபா, டேபிள் எல்லாம் அது மேலதான். தரையில கீறல் விழாது, ஆச்சிக்கும் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்.

ஜூன்ல சாரல் தொடங்குச்சு. ஆகஸ்ட் கடைசியில குற்றாலத்துல குளிக்க வந்த நண்பன் வீட்டுக்குள்ள கால் வச்சதும், "என்னடா ஒரு வாடை அடிக்குது?"ன்னு கேட்டான். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி புள்ளியா பூசணம். தரையில கார்ப்பெட் அளவுக்கு அப்படியே ஒரு வெளிறிய கட்டம், அது மேல அரிசி மாவு தூவின மாதிரி வெள்ளைப் பொடி.

அட்வான்ஸ் போச்சுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் ஆச்சியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாங்க, திட்டலை. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "ஏய்யா, சாரல் நேரத்துல தரையை இப்படி மூடிப் போட்டா அது எப்படிக் காயும்?"

இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

வீடியோக்கள்ல சொல்றது நமக்கு ஏன் பொருந்தாது?

வாடகை வீட்டில் கார்ப்பெட்டைப் பாதுகாப்பது எப்படின்னு தேடினா நிறைய வீடியோ வரும். மேல பிளாஸ்டிக் ஷீட் போடுங்க, இன்னொரு மேட் போடுங்கன்னு சொல்வாங்க. அதுல பெரும்பாலானவை அமெரிக்கா, இங்கிலாந்து மாதிரி ஊர்களுக்கானவை. அங்கே நிறைய வீடுகளில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட் ஒட்டியே கொடுப்பாங்க. கார்ப்பெட் ஓனருடைய சொத்து. அது கெட்டா டெபாசிட்ல பிடிப்பாங்க.

நம்ம ஊர்ல கதையே தலைகீழ். கார்ப்பெட் நம்முடையது, தரைதான் ஓனருடையது. அதனால நாம காப்பாத்த வேண்டியது கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிற தரையை. நான் செஞ்சது என்னன்னா, என் பொருளை வச்சு அவங்க பொருளைக் கெடுத்தது.

தென்காசியில அப்படி என்ன விசேஷம்?

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது. அதனால ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாசங்கள்ல தமிழ்நாட்டின் பெரும்பகுதி காய்ஞ்சு கிடக்கும். ஆனா செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவு பக்கம் மலையில ஒரு கணவாய் இருக்கு. அந்த வழியா ஈரக்காத்து தென்காசிக்குள்ள நுழையுது. காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசல்ல நின்னவங்களுக்கு அந்தக் காத்தோட வேகம் தெரியும். குற்றால சீசன் வர்றதும் இந்தக் காத்தாலதான்.

சீசன் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, இந்தப் பக்கத்து வீடுகள் வருஷத்துல ரெண்டு தடவை நனையுது.

சாரல் பெருமழை கிடையாது. வீட்டுக்குள்ள தண்ணி புகாது, கூரை ஒழுகாது. ஆனா நாள் கணக்கா வெயில் முகமே காட்டாது. டப்பாவைத் திறந்து வச்சா அப்பளம் நமத்துப் போகும், உப்பு கசியும், தீப்பெட்டி உரசினா பத்தாது. அப்பளத்துக்கு நடக்கிறதுதான் உங்க மெத்தைக்கும், மரச்சாமானுக்கும், கார்ப்பெட்டுக்கும் நடக்குது. அப்பளத்தைத் தொட்டா தெரிஞ்சிடும், கார்ப்பெட்டுக்கு அடியில என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணி கீழே இருந்தும் வரும்

எனக்குப் புதுசா இருந்த விஷயம் இதுதான். நான் கார்ப்பெட் மேல ஒரு சொட்டுத் தண்ணி கொட்டலை. அப்புறம் எப்படி ஈரம்?

விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்குது? நூல்களுக்கு நடுவுல இருக்கிற நுண்ணிய இடைவெளி வழியா. செங்கல், சுண்ணாம்பு, சிமெண்ட் எல்லாத்துலயும் அதே மாதிரி நுண்துளைகள் இருக்கு. இப்போ கட்டுற வீடுகள்ல மண்ணில் இருந்து ஈரம் ஏறாம இருக்க அஸ்திவாரத்து மேல ஒரு தடுப்பு போடுறது உண்டு. பழைய வீடுகள்ல பெரும்பாலும் அது இருக்காது. மண் நனைஞ்சா, ஈரம் திரியில ஏறுற மாதிரி தரைக்கும் சுவருக்கும் ஏறும். இதைத்தான் ஓதம்னு சொல்றோம்.

தரை திறந்து இருந்தா, ஏறி வர்ற ஈரம் காத்துல கலந்து போயிடும். நமக்குத் தெரியவே தெரியாது. ரப்பர் அடிப்பாகம் வச்ச கார்ப்பெட்டோ, பிளாஸ்டிக் மேட்டோ போட்டு மூடினா, அந்த ஈரம் அங்கேயே மாட்டிக்கும். கொஞ்சம் தூசியும் கொஞ்சம் ஈரமும் இருந்தாலே பூசணத்துக்குப் போதும், வெளிச்சம்கூட வேண்டாம். ஈரம் மேல வரும்போது மண்ணிலயும் சிமெண்ட்லயும் இருக்கிற உப்பைக் கரைச்சுக் கூட்டிட்டு வரும். தண்ணி ஆவியாகும், உப்பு தங்கிடும். நான் பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். கொத்தனார்கள் அதை உப்பு பூத்திருக்குன்னு சொல்வாங்க.

டைல்ஸ் போட்ட புது வீட்டுக்காரங்க தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. தரை குளிர்ச்சியா, காத்து ஈரமா இருந்தா, ஐஸ் தண்ணி டம்ளர் வெளியில வேர்க்கிற மாதிரி டைல்ஸும் வேர்க்கும். அந்த ஈரமும் மேட்டுக்கு அடியிலதான் தங்கும்.

உங்க தரையில ஓதம் இருக்கான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில வச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டுங்க. குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க. கட்டுமான வேலைகள்லயும் கான்கிரீட் தரையை இப்படிச் சோதிக்கிறது உண்டு. ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி நின்னாலோ, தரை நிறம் கறுத்துத் தெரிஞ்சாலோ, அந்த இடத்தை எதைக் கொண்டும் நிரந்தரமா மூடாதீங்க.

உங்க வீட்டுத் தரை எது?

எல்லாத் தரைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. வீட்டுக்குள்ள போன முதல் நாளே தரை என்ன வகைன்னு ஓனர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.

ரெட் ஆக்சைடு: சிமெண்ட்ல இரும்பு ஆக்சைடு நிறம் கலந்து, தேய்ச்சுத் தேய்ச்சு மெருகேத்தின தரை. ஆசிட் பட்டா மெருகு போயிடும். கல், மணல் ஒட்டின செருப்பு கீறிடும். வெதுவெதுப்பான தண்ணியில துணியை நல்லாப் பிழிஞ்சு துடைச்சாலே போதும். எப்பவாவது ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில தடவி மெருகேத்தலாம். அதிகமாச்சுன்னா வழுக்கும், தூசியும் ஒட்டும்.

மொசைக்: இதுல இருக்கிறது சிமெண்ட்டும் பளிங்குக்கல் சில்லும். ரெண்டையுமே ஆசிட் தின்னும். பாத்ரூம் கழுவுற ஆசிட், எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணி எதுவும் ஆகாது. பட்ட இடம் சொரசொரப்பாகி மங்கிடும். துடைச்சா அது திரும்ப வராது, மெஷின் வச்சு பாலிஷ் போட்டாதான் உண்டு.

கடப்பாக் கல்: இதுவும் சுண்ணாம்புக்கல் இனம். அதனால ஆசிட் ஆகாது. எண்ணெயையும் உறிஞ்சும்.

கிரானைட்: சாதாரண எலுமிச்சைக்கெல்லாம் அசையாது. ஆனா எண்ணெய் கொட்டி அப்படியே விட்டா கறை இறங்கிடும்.

விட்ரிஃபைட் டைல்ஸ்: மேற்பரப்பு உறுதி. பலவீனம் இடுக்குல இருக்கிற ஒயிட் சிமெண்ட்தான். ஆசிட் ஊத்தினா அது கரைஞ்சு, அந்த வழியா தண்ணி கீழே இறங்கும்.

அப்போ தரையில எதைத்தான் விரிக்கிறது?

இதுக்கு விடை நம்ம பக்கத்துலயே இருக்கு. ஒண்ணு கோரைப்பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை பாய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்த மெல்லிய பட்டுப்பாய் விலை அதிகம். தினசரி உபயோகத்துக்குச் சாதாரண கோரைப்பாய் போதும். இன்னொண்ணு பவானி ஜமுக்காளம் மாதிரி பருத்தி விரிப்பு. ரெண்டுலயும் ரப்பர் அடிப்பாகம் கிடையாது, ஈரம் ஊடுருவி வெளியே போகும். முக்கியமா, ரெண்டுமே வேலை முடிஞ்சதும் சுருட்டி வைக்கிற பொருள். பாயைச் சுருட்டி மூலையில நிறுத்துறதை நம்ம பாட்டிமார் ஒழுங்குக்காகச் செஞ்சாங்கன்னு நினைச்சிருந்தேன். தரையும் காயும், பாயும் காயும்னு இப்போதான் புரியுது. ஒண்ணு மறந்துடாதீங்க: ஈரமான கோரைப்பாயைச் சுருட்டினா அதுலயும் பூசணம் வரும். காய்ஞ்ச பிறகுதான் சுருட்டணும்.

கார்ப்பெட் இல்லாம முடியாதுன்னா, சின்னதா வாங்குங்க. ஒரு ஆள் தூக்கக்கூடிய அளவு. அடியில ரப்பர் இல்லாததா பாருங்க. வினைல் விரிப்பு ஒட்டின தரையா இருந்தா, ரப்பர்ல இருக்கிற ரசாயனம் இறங்கி மஞ்சள் கறை நிரந்தரமா விழும். மே கடைசியில கார்ப்பெட்டை வெயில்ல காயப்போட்டு, தூசி தட்டி, சுருட்டி, பரண் மேல ஏத்திடுங்க. துணியால சுத்துங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம். குற்றாலத்துல நான் தங்கிப் பார்த்த சீசன் அறைகள் எதுலயும் தரையில விரிப்பே கிடையாது. அன்னைக்கு அதைக் கஞ்சத்தனம்னு நினைச்சேன். அனுபவம்னு இப்போ தெரியுது.

பேச்சிலர்ஸ், உங்க மெத்தையைத் தூக்கிப் பாருங்க

கட்டில் வாங்காம மெத்தையைத் தரையில போட்டுப் படுக்கிறவங்க நிறையப் பேர் கேட்டுட்டு இருப்பீங்க. ராத்திரி முழுக்க உடம்புச் சூடும் வியர்வையும் மெத்தைக்குள்ள இறங்குது. கீழே தரை குளிர்ச்சியா இருக்கு. ரெண்டும் சந்திக்கிற இடம் மெத்தையோட அடிப்பக்கம். சாரல் மாசங்கள்ல அங்கே பூசணம் பிடிக்க ரொம்ப நாள் ஆகாது.

காலையில எழுந்ததும் மெத்தையைச் சுவர்ல சாய்ச்சு நிறுத்துங்க. ஒரு மணி நேரம் ஃபேன் ஓடட்டும். முடிஞ்சா ஒரு மரப்பலகைச் சட்டம் வாங்கி, தரையில இருந்து ரெண்டு அங்குலமாவது உயர்த்திப் போடுங்க.

துரு வளையமும் எண்ணெய்க் கறையும்

வீடு காலி பண்ணும்போது பிரச்சினை ஆகிற கறைகள்ல முக்கியமானது சிலிண்டர் வளையம். ஈரத்தரையில சிலிண்டரை மாசக்கணக்கா வச்சா, அடிவளையம் துருப்பிடிச்சு, வட்டமா தரையில அச்சு விழும். பீரோ கால், இரும்புக் கட்டில் கால், இரும்பு டிரங்குப் பெட்டி எல்லாத்துக்கும் இதே கதை. ரெட் ஆக்சைடுல துரு அவ்வளவா தெரியாது, ரெண்டுமே இரும்பு ஆக்சைடுதானே. மொசைக்லயும் வெள்ளை டைல்ஸ்லயும் பளிச்சுன்னு தெரியும்.

இங்கதான் நிறையப் பேர் ரெண்டாவது தப்பு பண்ணுவாங்க. துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் நல்ல மருந்துன்னு படிச்சுட்டு மொசைக்ல தேய்ப்பாங்க. துரு போகும், கூடவே மெருகும் போகும். எலுமிச்சை வைத்தியம் பளபளப்பான டைல்ஸுக்கு மட்டும்தான். மத்த தரைக்கு வராம பார்த்துக்கிறதுதான் வழி. சிலிண்டருக்குச் சக்கரம் வச்ச பிளாஸ்டிக் ஸ்டாண்டு கிடைக்கும். பீரோ காலுக்குப் பாத்திரக் கடையில பிளாஸ்டிக் கப் கேளுங்க. சோபா, நாற்காலி காலுக்கு ஒட்டுற ஃபெல்ட் துணி போதும்.

அடுத்து எண்ணெய். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, அதே ஈரத்துண்டைக் கடப்பாத் திண்ணையில போட்டுட்டுத் தூங்கினா, காலையில கறை தயார். எண்ணெய் பட்ட உடனே தேய்க்காதீங்க, தேய்ச்சா பரவும். ஒத்தி எடுத்துட்டு, கடலை மாவோ முகப் பவுடரோ தூவி ராத்திரி முழுக்க விடுங்க. மாவு எண்ணெயை இழுத்துக்கும். காலையில பெருக்கிட்டு சோப்புத்தண்ணியில துடைங்க. கார்ப்பெட்ல எண்ணெய் பட்டாலும் இதேதான்.

சுவருக்கும் மூச்சு முட்டும்

பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோட ஒட்டி வைக்காதீங்க. நாலு விரல் இடைவெளி விடுங்க. இல்லைன்னா பின்பக்கச் சுவர்ல பூசணம் படரும், பெயிண்ட் உரியும்.

சாரல் நேரத்துல துணியை வீட்டுக்குள்ள காயப்போடுறது தவிர்க்க முடியாது. ஆனா யோசிங்க, ஒரு தடவை துவைச்ச துணியில இருக்கிற ஒண்ணு ரெண்டு லிட்டர் தண்ணியும் உங்க வீட்டுக் காத்துக்குள்ளதான் போகுது. ஒரே அறையில கொடி கட்டுங்க, அந்த அறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து வைங்க. மேற்கு ஜன்னல் வழியா சாரல் அடிக்கும்னு எல்லா ஜன்னலையும் சாத்தி வைக்காதீங்க. சாரல் விட்ட நேரத்துல எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தா, ஈரத்தைக் கொண்டுவந்த அதே காத்து வீட்டையும் காய வைக்கும். தரை துடைக்கிறதையும் அந்த நேரத்துக்கு வச்சுக்கோங்க. பக்கெட் கணக்கா தண்ணி ஊத்திக் கழுவ வேண்டாம்.

பூசணம் வந்துட்டா? முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத்தண்ணியில நனைச்ச துணியால துடைங்க. காய்ஞ்ச துடைப்பத்தால தட்டினா அது காத்துல பறந்து மூச்சுக்குள்ள போகும். இதை மட்டும் கவனமா கேளுங்க: பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒண்ணா கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. ரப்பர் அடிப்பாகம் வரைக்கும் பூசணம் ஏறின கார்ப்பெட்டைக் காப்பாத்த முயற்சி பண்ணாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க.

அட்வான்ஸ் யார் பக்கம்?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமை, பொறுப்புகளையும் முறைப்படுத்துற தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. அதுல நமக்குத் தேவையான விஷயங்களைச் சொல்றேன்.

வீட்டை எப்படி வாங்கினீங்களோ அப்படியே திருப்பித் தரணும். ஆனா நாள்பட்ட புழக்கத்தால வர்ற சாதாரணத் தேய்மானம் அதுல சேராது. நடந்து நடந்து தரை மங்கினா அது தேய்மானம். கார்ப்பெட்டுக்கு அடியில பூசணம் பிடிக்க விட்டா அது நம்ம கவனக்குறைவு. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நாம தர வேண்டியதைக் கழிச்சுட்டு மீதியைத் திருப்பித் தரணும். தனியா எழுதிக்கலைன்னா வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி மாதிரி சில்லறை வேலை நம்ம பொறுப்பு. அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, பெயிண்டிங்குக்குன்னு ஒரு வரி இருக்கான்னு ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க.

இன்னொரு கடமையும் இருக்கு. வீட்டுல சேதம் தெரிஞ்சா உடனே ஓனருக்குச் சொல்லணும். சொல்லாம மறைச்சா, ஓதத்தால வந்ததுகூட நம்மால வந்ததா ஆயிடும். எது வீட்டோட குறை, எது நம்ம தப்புன்னு பின்னாடி பிரிச்சுச் சொல்ல ஒரே வழி, குடிபோன முதல் நாள் எடுத்த போட்டோதான். அறை அறையா, தரையின் நாலு மூலை, சுவரோட அடிப்பகுதி, ஜன்னலுக்குக் கீழே, சிங்க் அடியில. எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. தேதியோட ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும்.

ஆச்சி வீட்டுத் தரை என்ன ஆச்சு?

ஆச்சி சொன்னபடி எல்லாச் சாமானையும் ஓரமா ஒதுக்கிட்டு, ஹாலைச் சும்மா விட்டேன். ஃபேன் ஓடிக்கிட்டே இருந்துச்சு. உப்புப் பொடியை ஈரம் படாம மென்மையான பிரஷ்ஷால தினமும் பெருக்கி எடுத்தேன். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளதானே போகும்? ரெண்டு வாரத்துல பூக்கிறது நின்னுச்சு. அப்புறம் துளி எண்ணெய் தொட்டுத் தேய்ச்சேன். நிறம் முக்கால்வாசி திரும்பிச்சு. வெயில் சாயுற நேரத்துல பார்த்தா அந்தக் கட்டம் இப்பவும் லேசா தெரியும்.

வீட்டைக் காலி பண்ணும்போது அதுக்காக 2,000 ரூபாய் பிடிச்சுக்கிட்டாங்க. நியாயம்தான். அடுப்படித் தரையில ஒரு நீள விரிசலும் இருந்துச்சு. கணக்குப் பார்க்க வந்த அவங்க பையன் அதையும் சேர்க்கப் பார்த்தாரு. "அண்ணாச்சி, இது நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது"ன்னு முதல் நாள் போட்டோவைக் காட்டினேன். பார்த்துட்டு, "சரி விடுங்க"ன்னுட்டாரு. மீதி 28,000 அன்னைக்கே கைக்கு வந்துச்சு.

கேட்டுட்டு இருக்கிற நீங்க இன்னைக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுல விரிச்சு வச்சிருக்கிற மேட், கார்ப்பெட், மெத்தை எதுவானாலும், ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில கையை வச்சுப் பாருங்க. சில்லுன்னு ஈரமா இருந்தா, சாயங்காலத்துக்குள்ள அதைச் சுருட்டிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!